அது சிக்னல்தான்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். நோட்டை எடுப்பேன், ஜெபம் பண்ணுவேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

1. என் வேலை

தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் நேரே பெர்த்தில், அதாவது கரையோர மேடையில், வந்து கட்டத் தொடங்கிய எழுபதுகளில் நான் சிக்னல்மேன். கப்பலின் மேல்தளமான டெக்கில், ஹேட்ச் என்கிற சரக்கறை வாய் ஓரமாக நின்று, கீழே மூட்டை கட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, சரக்கைத் தூக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கை காட்ட வேண்டும். கீழே நடப்பது அவருக்குத் தெரியாது. வின்ச் சத்தத்தில் கூப்பாடும் கேட்காது. என் கை மட்டும்தான் தெரியும். கையை உயர்த்தி ஆட்டினால் ஏற்று; உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு.

எங்கள் வின்ச்மேன் இசக்கி அண்ணாச்சி, ஐம்பதை நெருங்கியவர். முதல் நாளே சொன்னார்: "ஏலே செல்லையா, டூட்டியில மூக்குல ஈ உக்காந்தாலும் கையைத் தூக்காத. நீ தூக்கினா நான் ஏத்திருவேன்."

2. நடிகர் வந்த நாள்

ஒரு நாள் எங்கள் பெர்த்தில் சினிமாப் படப்பிடிப்பு. வந்த நடிகரின் பெயரை எழுதவில்லை. அவர் மேல் குற்றமே இல்லை. எங்கள் வீட்டில் சினிமா ஆகாது. ஆனாலும் அவர் படம் என்றால், ஜெபக்கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

அவர் காரைவிட்டு இறங்கி, கப்பலை அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார். எனக்கே அசைத்ததுபோல் இருந்தது. நானும் கையை உயர்த்தி ஆட்டினேன்.

இசக்கி அண்ணாச்சி ஏற்றிவிட்டார்.

கீழே சுடலைமணி, உர மூட்டைகளைச் சுற்றிய கயிற்றைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். கையை எடுக்குமுன் கயிறு இறுகியது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

3. கேட்ட கேள்வி

சுடலைமணியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நானும் அண்ணாச்சியும் பெர்த்தில் நின்றோம். பக்கத்தில் சூப்பர்வைசர். நடிகர் எங்களைத் தேடி வந்து, அடிபட்டவரைப் பற்றி விசாரித்தார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மேல நின்னு எனக்குக் கை காட்டினது நீங்கதானே தம்பி?"

எத்தனையோ நாள் ஆசைப்பட்ட பேச்சு. "நான் இல்ல சார்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

விசாரணையில், சிக்னல் கொடுத்தாயா என்று அதிகாரி கேட்டார். "குடுக்கல சார்" என்றேன். நடிகருக்குக் காட்டியது சிக்னல் ஆகாதே என்று மனதுக்குள் ஒரு சமாதானம். என் கை உயர்ந்ததைப் பார்த்ததாக அண்ணாச்சி சொன்னார். நடிகரை யாரும் விசாரிக்கவில்லை; வேறு சாட்சியும் இல்லை, டெக்கில் எல்லாரும் நடிகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வின்ச்சிலிருந்து எடுத்து அவரை மூட்டை தூக்கப் போட்டார்கள். அந்த வயதில்.

4. குழாயடியில்

சில மாதம் கழித்து, குழாயடியில் அண்ணாச்சி தோளைக் கழுவிக்கொண்டிருந்தார். தோல் உரிந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப சொன்னா உன்னையும்லா தூக்கிருவான். மூணு பிள்ளைய வச்சிருக்க. பேசாமப் போ." தோளில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அவ்வளவு பெரிய ஆளு உன்னைத் தம்பின்னு கூப்பிட்டாரு. ஒரு ஆமா சொல்லிருக்கலாம்லா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முதலில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு நான் பேசாமல் போனேன். பிறகு ஃபோர்மேனும் ஆனேன். அவர் மூட்டை தூக்கியே ஓய்வு பெற்றார். இப்போது அவர் இல்லை. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த அன்றைக்கே வெளியே போய் அழுதார். நான் இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன்.

துறைமுக வேலைக்கு வரும் பிள்ளைகளே, டூட்டி நேரத்தில் சிக்னல்மேனின் கை அவனுடையது இல்லை, கீழே நிற்பவனுடையது.

இதைப் பிறரிடம் சொல்வதானால், எனக்கு இரக்கப்பட்டு ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். அண்ணாச்சியின் பிள்ளைகள் காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது. அவர் சிக்னல் பார்த்துத்தான் ஏற்றினார். கொடுத்தவன் நான்.