வெளிச்சத்துக்கு நேரே பிடித்த அட்டை

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து மகன் வரவழைத்த மல்யுத்த வீரர் அட்டை இன்று வந்தது. போலி என்றால் இன்றைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். உறையைப் பிரித்ததும் வந்த மை வாசனை எனக்குப் பழகியதாக இருந்தது.

தொண்ணூறுகளில், மயிலாப்பூர் சித்திரக்குளத்தெருவில், பாபுவுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து இப்படி ஒன்று கொண்டுவந்தார். என் அட்டைகள் அத்தனையையும் கொடுத்து அதை வாங்கினேன்.

"ஒரிஜினல்னா வெளிச்சம் பூராது நைனா. டவுட்டா கீதா? புட்ச்சிப் பாரு" என்றான் பாபு.

குண்டு பல்புக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் வந்தது. பழைய அச்சுத்தாளை உள்ளே வைத்து ஒட்டிய போலி. வீரனின் முகத்துக்குப் பின்னால் ஒரு சிறுமியின் படம், எந்த மொழியென்றே தெரியாத எழுத்து, நம்மூர் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிபோலக் கறுப்புக் கட்டம்.

"டேய், அது உன்னியே பாக்குதுடா!" பாபு ஓடிவிட்டான்.

குளத்தில் எறிந்தேன். அது கரைந்திருக்குமா என்று அந்த வருஷம் முழுக்க யோசித்ததில் என் படிப்பே நின்றுபோனது.

"லைட்டுல புடிச்சா தெரியுமாமேப்பா" என்றான் மகன் இப்போது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அட்டையை விளக்குக்கு நேரே உயர்த்தினேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டினான்.

"அப்பா, உள்ள இருக்கிற இந்தப் பொண்ணு யாரு?"