பாதிக் கொக்கி

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிக் காப்பாற்றி வைக்கும் காப்பகம் எங்களுடையது. ஒட்டுகிற வேலை செய்த அக்காவை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருடம் ஒட்டினார், ஓர் இலை உதிர்ந்ததில்லை. ஆளும் அப்படித்தான், பிடித்தால் விடமாட்டார். அலமாரிகளைப் பூட்டித் திறப்பது என் வேலை. அதிலும் பாதி நேரம் அக்காவின் மேசைப் பக்கம்தான் கிடப்பேன்.

ஆராய்ச்சி செய்யும் மேடம் மூன்று வருடம் கப்பலேறி, இரண்டு தீவுகளில் செடி பறித்து வந்தார். இரண்டும் சொந்தக்காரச் செடிகள். கரைக்குப் பக்கத்துத் தீவில் விதைக்குக் கொக்கி உண்டு; பறவை இறகில் மாட்டிக்கொண்டு ஓசியில் ஊர் சுற்றும். நடுக்கடல் தீவில் கொக்கி இல்லை. அங்கே வெளியே கிளம்பிய விதை கடலில்தானே விழும்? வீட்டோடு கிடந்தவைதான் பிழைத்தன. கொக்கி தேய ஆரம்பித்தது கடலைத் தாண்டும் முன்பா, பின்பா? மேடத்துக்கு அது தெரிந்தாக வேண்டும். பாதி தேய்ந்த கொக்கி எந்தத் தீவில் கிடைக்கிறதோ, அதுதான் பதில்.

அன்று அக்கா செடிகளை மேசையில் பரப்பியிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் தீவின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு. நான் உள்ளே வந்தேன், புழுக்கம் தாங்கவில்லை, விசிறியைப் போட்டேன். சீட்டெல்லாம் பறந்தன. நாற்பத்தொன்றில் நாற்பதைப் பொறுக்கினோம். ஒன்று ஜன்னல் வழியே போயே போய்விட்டது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கம்பளித் துணி ஒன்றை எடுத்து ஒவ்வொரு விதையையும் அதில் வைத்துப் பார்த்தார். ஒட்டியவை இருபது, வழுக்கியவை இருபது. சீட்டும் தீவுக்கு இருபதுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசிச் செடியின் விதை மட்டும் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. லென்ஸில் பார்த்தால் பாதிக் கொக்கிதான் இருந்தது.

"ஏதாவது ஒரு தீவுப் பேரை எழுதிடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடா."

"மேடம் இதைத்தானே தேடி அலையிறாங்க!"

"அதனாலதான் சொல்றேன். நான் எழுதுறதை நம்பித்தான் அவங்க மிச்சத்தையெல்லாம் எழுதுவாங்க."

மேடம் வந்தார். லென்ஸில் பார்த்ததும் குழந்தைபோலச் சிரித்தார். "எந்தத் தீவு?"

"தெரியல மேடம். சீட்டு பறந்துடுச்சு."

மேடம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொட்டும் மழையில் அள்ளி வந்தது, எந்தத் தீவில் எத்தனை என்றுகூடக் குறித்து வைக்கவில்லை. "குத்துமதிப்பா சொன்னாக்கூடப் போதும்."

"மாட்டேன் மேடம். தெரியாததைத் தெரியும்னு சொல்ல வராது எனக்கு."

"விசிறியை யார் போட்டது?"

நான் அலமாரிப் பக்கம் திரும்பி, பூட்டியிருந்ததையே மறுபடி பூட்டினேன்.

"நான்தான். வேர்த்துச்சு" என்றார் அக்கா.

தாளில் ஒட்டி, கீழே எழுதினார்: தீவு தெரியவில்லை. காரணம், ஒட்டியவரின் கவனக்குறைவு. அதன் கீழே தன் பெயர். பறித்தவர் பெயரும் அடையாளம் கண்டவர் பெயரும்தான் தாளில் இருக்கும், ஒட்டியவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. அக்கா ஒட்டிய ஆயிரக்கணக்கான தாள்களில் அவர் பெயர் இருப்பது அது ஒன்றில் மட்டும்தான்.

மேடம் இன்னும் இரண்டு முறை போய் வந்தார். அப்படி ஒரு செடி மறுபடி கிடைக்கவில்லை. அக்காவும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போன வாரம் வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பெரிய விஷயத்தைக் கெடுத்து வச்சிருக்காங்க! யாரு சார் இந்தப் பொறுப்பில்லாத அம்மா?" என்று கேட்டார்.

"ரொம்பப் பழைய ஆளு சார்" என்றேன்.