கப்பல் பாடத்தில் தையல்காரர்

என் மனைவி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. துறை, கல்வி மதிப்பீடு. அதாவது ஒரு வகுப்போ பயிற்சியோ நடக்கிறதே, அதனால் பிள்ளைகளுக்கு உண்மையில் ஏதாவது பலன் உண்டா என்று கண்டுபிடிப்பது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் எனக்கு இது சட்டென்று புரிந்தது. வண்டி பளபளக்கிறதா என்று என்னை யாரும் கேட்பதில்லை. ஓடுமா என்றுதான் கேட்பார்கள்.

ஆய்வில் கைவைக்கும் முன் அவள் முடிக்க வேண்டிய பாடங்கள் வரிசைகட்டி நின்றன. புள்ளியியலில் இரண்டு, தேர்வு தயாரிப்பதில் ஒன்று, பேட்டி எடுப்பதில் ஒன்று, கடைசியாகக் கள மதிப்பீடு, அதாவது நிஜமாக நடக்கும் ஒரு வகுப்புக்கே போய்ச் சோதித்து அறிக்கை எழுதுவது. புள்ளியியல் அவளைப் படாதபாடு படுத்தியது. அவள் என்னைப் படுத்தினாள். வகுப்பு நாட்களில் சமையல் என் தலையில். ஒருநாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சராசரியா பாத்தா உப்பு சரியாத்தாங்க இருக்கு. நேத்து அள்ளிக் கொட்டினீங்க, இன்னைக்குப் போடவே இல்ல. இந்த ஏத்த இறக்கம், அதான் திட்ட விலக்கம், அதுதான் தாங்கல" என்றாள். நாலு நல்ல பதில் தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் எதற்கு வம்பு என்று விழுங்கிவிட்டேன்.

அத்தனை நாளும் எங்கள் மகளைப் பார்த்துக்கொண்டது என் அக்கா. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சும்மா இருக்கத் தெரியாதவள். நூலகத்தின் பின்னறையில், வாசிக்கத் திணறும் சின்னப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறாள். எங்கள் மகளும் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து படம் வரைவாள். "அண்ணி இல்லன்னா எனக்கு இந்தப் படிப்பே இல்ல" என்று என் மனைவி பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அது வெறும் உபசாரப் பேச்சு இல்லை.

கள மதிப்பீட்டுக்கு இடம் குலுக்கலில் விழும். இவளுக்கு விழுந்தது அக்காவின் வகுப்பு.

உறவுக்காரி நடத்தும் வகுப்பு என்று உடனே பேராசிரியரிடம் சொன்னாள். அவர், "வேற இடம் தரலாம், ஆனா அடுத்த வருஷம்தான்" என்றார். இவளுடைய பதிவுக் காலமோ இந்த வருடத்தோடு முடிகிறது. யோசித்து ஒரு வழி சொன்னார். வகுப்புக்கு வரும் பிள்ளை எது, வராத பிள்ளை எது என்று தெரியாத வேறொருவர் மதிப்பெண் போட வேண்டும். அக்காவிடம் கேட்டோம். "தாராளமா வரட்டும். என் புள்ளைங்க படிக்கிறதை எழுத்துல போட்டா எனக்கென்ன கசக்குதா?" என்று சிரித்தாள்.

முதல் நாளே இடறியது. அக்கா வகுப்பில் வைத்திருக்கும் வாசிப்புப் புத்தகத்தின் முதல் பாடம் ஒரு தையல்காரர் கதை. அதை விரித்துக் கொடுப்பதாக நினைத்து, என் மனைவி அவசரத்தில் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தை ஒரு சிறுமியிடம் நீட்டிவிட்டாள். பக்கம் முழுக்கக் கப்பல் படம். சிறுமி வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே, "ஒரு தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார்" என்று ஒரு எழுத்தும் பிசகாமல் கணீரென்று ஒப்பித்தாள்.

அக்கா மாதாமாதம் அதே தையல்காரர் பாடத்தில்தான் தேர்வு வைப்பாள். கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. புதிய பக்கங்களை வைத்து முறையாகச் சோதித்தபோது, வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் வராத பிள்ளைகளுக்கும் வித்தியாசமே இல்லை.

"கொஞ்சம் பாத்து எழுதேன்" என்றேன்.

"பாத்துத்தாங்க எழுதியிருக்கேன்" என்றாள். பிறகு அழுதாள். "இனிமே அண்ணி மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?" அக்கா உறவு அறுந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

அறிக்கையை முதலில் வகுப்பு நடத்துபவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது கள மதிப்பீட்டின் விதி. துணைக்கு நானும் போனேன். பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். என் மனைவி ஒரு வரியும் விடாமல் வாசித்தாள். அக்காவின் முகம் இறுகியது. அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு, தன் கையாலேயே கப்பல் பாடத்தை விரித்து, "படி" என்றாள்.

"ஒரு தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார்."

அக்கா தடுக்கவில்லை. தையல்காரர் கடையைச் சாத்தி வீட்டுக்குப் போகும்வரை கேட்டாள். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினாள்.

"எத்தனை பேர் வந்து பாத்துட்டு, நல்லா நடக்குது, நல்லா நடக்குதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. புள்ளையக் கூட்டிட்டுப் போக வர்றப்ப நீயும்தான் தினம் சொன்ன."

"அப்ப நான் பாக்கல அண்ணி. சும்மா சொன்னேன்."

அக்கா பேனாவை எடுத்து, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"இந்தா. உன் பாடம் முடிஞ்சுது. இப்ப இப்படி வந்து உக்காரு. இவளுக்கு எந்த எழுத்து தெரியும், எது தெரியாதுன்னு எனக்குச் சொல்லிட்டு அப்புறம் வீட்டுக்குப் போ."

என் மனைவி அறிக்கையை என் கையில் திணித்துவிட்டு, சிறுமிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.