அக்காவுக்கு எடுத்த அளவு

பித்தளை உருகி இரும்புப் பைப்பின் மூட்டுக்குள் இறங்கும் நேரத்தில், மேலே தூவிய வெங்காரம் பொரிந்து பொங்கி, தீயின் ஓரத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம் கிளம்பும். அதைப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும் என்று நைனா சொல்வார். நானும் மல்லிகா அக்காவும் விரல் இடுக்கு வழியாகப் பார்ப்போம். ஆறிய பிறகு அந்த வெங்காரம் கண்ணாடி போல இறுகிப்போகும், அதை நைனா அரத்தால் சுரண்டும்போது தெறிக்கிற சில்லுகள் எங்கள் உள்ளங்காலில் ஏறும், அம்மா ஊக்கு வைத்து எடுத்துவிடுவாள். இடது காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்ததால் அக்காவின் காலில்தான் அதிகம் ஏறும். ஒன்றரை வயதில் வந்த இளம்பிள்ளை வாதம், உயிரை விட்டுவிட்டு அந்தக் காலை மட்டும் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது.

எங்கள் கடை புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகும் ரோட்டில், புத்தூருக்கு ஐந்து கிலோமீட்டர் இப்பால் இருந்தது. வீடு கடைக்குப் பின்னாலேயே. பஞ்சர் ஒட்டுவதும் நைனாவுக்கு வேலைதான் என்றாலும், ஆட்கள் அவரைத் தேடி வந்தது "அளவு சைக்கிளு"க்காக. கம்பெனி சைக்கிள் எல்லாருக்கும் ஒரே உயரம். நைனா பைப்பை வெட்டி, மூட்டிப் பற்றவைத்துச் செய்யும் பிரேமோ, அதில் ஏறப்போகிற ஒருவருக்கு மட்டும்தான் பொருந்தும். நகரியிலிருந்து நெசவுக்காரர்கள் வருவார்கள், அவர்களுக்குப் பாவு மூட்டை வைக்கப் பின்பக்கம் நீளமாக வேண்டும். பால் ஊற்றுகிறவர்களுக்கு கேன் இரண்டு பக்கமும் தொங்கினாலும் குதிகால் இடிக்காமல் இருக்க வேண்டும்.

அளவு எடுக்க அவர் டேப் வைத்துக்கொள்ளவில்லை. தறிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன வெள்ளை நூலை நாலாக முறுக்கி, ஆளை நிற்க வைத்து, இடுப்பிலிருந்து குதிகாலுக்கு ஒரு முடிச்சு, தோளிலிருந்து உள்ளங்கைக்கு ஒரு முடிச்சு என்று போடுவார். முடிச்சு போட்ட நூல் கடைச் சுவரில், ஆளின் பெயர் எழுதிய சீட்டோடு ஆணியில் தொங்கும். பிரேம் முடிகிற வரை ஆள் மறுபடி வரத் தேவையில்லை. "கண்ணால பாக்கறத நம்பக் கூடாது, நூலு இன்னா சொல்லுதோ அத்த வெட்டணும்" என்பது அவர் கணக்கு.

ஆனால் அந்தச் சுவர் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வேடிக்கை. பால்கார முனிரத்தினம் கொஞ்சம் குள்ளம். அவர் நூலைத் தூக்கிப் பிடித்து ஒரு நெசவுக்காரர், "இன்னா முனிரத்தினம், உன் நூலு கோமணத்துக்கே பத்தாது போலக் கீதே!" என்று கேட்டார். முனிரத்தினமும் விடவில்லை. "உன் நூலுல எரும மாட்டையே கட்டலாம், புத்திய மட்டும் கட்ட முடியாது, போயா." நைனா அரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அக்கா சிரிக்கவில்லை என்பதை அன்றைக்கு நான் பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அக்கா ஏழாவது பரீட்சையில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறியிருந்தாள். எட்டாவதுக்குப் புத்தூர் ஹைஸ்கூலுக்குத்தான் போக வேண்டும். நடக்க முடியாது, பஸ்ஸோ ஸ்கூல் மணி அடித்து வெகு நேரம் கழித்துத்தான் வரும், அதிலும் படியில் தொங்குகிற கூட்டம். கோடை விடுமுறை பாதி போன பிறகு நைனா, "நான் பண்ணித் தரேன். நீ படி" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அக்கா எழுந்து உள்ளே போய், புத்தகத்துக்கெல்லாம் பழைய காகிதத்தில் அட்டை போட ஆரம்பித்தாள். புத்தகம் இன்னும் வாங்கவே இல்லை. ஏழாவது புத்தகத்துக்கே மறுபடி அட்டை போட்டாள்.

நைனா அவளுக்கு எதிரிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தார். இரண்டு காலுக்கும் வித்தியாசம் இரண்டு விரல் வரைக்கும் என்றால், இடது பெடலின் மேல் கட்டை வைத்து இரண்டு சக்கரத்திலேயே செய்துவிடலாம். அதற்கு மேல் என்றால் மூன்று சக்கரம்தான், இல்லாவிட்டால் விழுந்துவிடுவாள்.

அவள் பெரியவளாகி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊரில் எத்தனையோ பேர் காலைத் தொட்டு அளந்த நைனா, அதன் பிறகு அவள் உட்கார்ந்த கட்டிலில்கூட உட்காரமாட்டார். அம்மாவோ அந்தக் காலைத் தொட்டு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அழுகிறவள், "என்னால ஆவாது" என்றுவிட்டாள். அதனால் நைனா நூலை என் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. "சின்னவளே, அக்காவுக்கு இடுப்பு எலும்புல இருந்து குதிகால் வரிக்கும் அளந்துக்கினு வா. நூலு ஒண்ணுதான். வலது காலுக்கு ஒரு முடிச்சு, எடது காலுக்கு ஒரு முடிச்சு. பாத்துப் போடு."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டோம். பெரிய வேலை கொடுத்திருக்கிறார்கள் என்கிற பெருமையில் நூலை இழுத்துப் பிடித்து, சரியாகத்தான் முடிச்சு போட்டேன். இரண்டு முடிச்சுக்கும் நடுவில் அக்கா தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். நான்கு விரல் இருந்தது. பிறகு இடது கால் முடிச்சைப் பல்லால் பிரித்து, வலது கால் முடிச்சிலிருந்து ஒரே ஒரு விரல் தள்ளி மறுபடி போட்டாள்.

"அக்கா, இது தப்புக்கா."

"மூணு சக்கர வண்டில போனா, திருப்பதில கோயில் வாசல்ல உக்காந்துக்கினு கீறாங்களே, அவங்கள மாதிரிதான் பாப்பாங்க. நான் போமாட்டேன். இந்த நூலயும் ஆணியில மாட்டுவாரு, அந்த முனிரத்தினம் தூக்கிப் பாப்பான்." பிறகு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் எக்கி எக்கி மிதிச்சிக்குவேன்டி. சொல்லாத" என்றாள்.

நான் பேசாத பெண். சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நைனா நூலை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிப் போட்ட சத்தத்தை நான் இன்றைக்கும் கேட்கிறேன். "ஏமே! இங்க வா! ஒரு விரலுதான்மே கீது! நான் மூணு சக்கரமோன்னு பயந்துக்கினு இருந்தேன். நீ எண்ணெ தேச்சது வீண் போவல, காலு வளந்துக்கினு கீது!" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணால் தினமும் பார்த்த மனிதர்தான் அவர். ஆனால் அந்த நூல் சொன்னதை நம்ப அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும் என்பது, எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம், இனிமேல் சொல்ல முடியாது என்பதுதான்.

மூன்று வாரம், வெளி வேலையைத் தள்ளி வைத்து அதைச் செய்தார். பாவாடையோடு ஏற வசதியாகக் குறுக்குப் பைப்பைத் தாழ வளைத்தார். இடது பெடலில் ஒரு விரல் கனத்துக்கு வேப்பங்கட்டையைச் செதுக்கி வைத்து, பாதம் நழுவாமல் தோல் வார் போட்டார். மயில் கழுத்து நிறம் வேண்டும் என்று அக்கா கேட்டதற்கு, நீலமும் பச்சையும் கலந்து நாலு முறை அடித்தார். அவ்வளவு அழகான சைக்கிளை அந்த ரோட்டில் யாரும் பார்த்ததில்லை. முனிரத்தினம்கூடப் பாலை வைத்துவிட்டு வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "எனக்குப் பண்ணது சைக்கிளு, இது தேருப்பா" என்றார்.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் நைனா சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட, அக்கா ஓட்டிப் பார்த்தாள். வலது கால் மிதித்தது. இடது பெடல் கீழே இறங்கியபோது கட்டை அவள் பாதத்துக்கு எட்டவில்லை. அவள் சொன்னபடியே எக்கினாள். சீட்டில் நகர்ந்து நகர்ந்து இடது பக்கமாகச் சரிந்து எக்கினாள். "நேரா உக்காரு, நேரா உக்காரும்மா" என்று நைனா கத்திக்கொண்டே ஓடினார். சிறு பாலத்துக்குப் பக்கத்தில் சரிவு வந்ததும் சீட்டு அவர் கையை விட்டுப் போய்விட்டது. ஜல்லிக் குவியலில் இடது பக்கமாகவே விழுந்தாள், அந்த மெலிந்த கால் முழங்காலுக்கு மேலே ஒடிந்துவிட்டது.

எங்கெங்கிருந்தோ எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட வருகிற ஊர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே, பாவாடையை ஒதுக்கிவிட்டு இரண்டு காலையும் பக்கத்துப் பக்கத்தில் நீட்டி வைத்தபோது, நைனா பார்த்தார். கட்டுப் போடுகிறவர் கேட்காமலேயே நைனாவின் கை தானாக நீண்டு, இரண்டு குதிகாலுக்கும் நடுவில் நான்கு விரலை வைத்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வலியால் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது என் தலையில் கை வைத்து, "கொழந்த கையில நூலக் குடுத்தது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது முடிந்துபோன விஷயம். சின்னவள் தெரியாமல் முடிச்சைத் தப்பாகப் போட்டுவிட்டாள், அவளைக் கேட்கக் கூடாது. கட்டு நன்றாகத்தான் பிடித்தது, ஆனால் மாதக்கணக்கில் படுத்து எழுந்தபோது அக்காவின் முழங்கால் மடங்க மறுத்தது. அதன் பிறகு எந்தச் சைக்கிளும், மூன்று சக்கரமும்கூட, அவளால் மிதிக்க முடியவில்லை. புத்தூர் ஹைஸ்கூலுக்கு மூன்று வருஷம் கழித்து நான்தான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

நைனா மயில் கழுத்துப் பிரேமை ரம்பத்தால் அறுத்துப் பழைய இரும்பில் போட்டார். அளவு சைக்கிள் கேட்டு வந்தவர்களிடம், "சொந்தப் பொண்ணுக்கே பண்ணத் தெரில, உனக்கின்னா பண்றது" என்றார். கொஞ்ச நாளில் கேட்பவர்களும் நின்றார்கள். பஞ்சர் ஒட்டினார், பிறகு திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்தார். போன வருஷம் காலமானார். கடைசி நாட்களில் அக்கா ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து ஒருநாள், "நீ மனசுல வச்சிக்காத சின்னவளே" என்றார். அக்காவின் ஸ்பூன் நடுவழியில் நின்றது. நான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

இப்போது அந்த இடத்தில் கடையும் இல்லை, வீடும் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியதில் சிறு பாலம்கூடப் போய்விட்டது. ஸ்கூல் பிள்ளைகள் ஆட்டோவில் போகிறார்கள். சில பெண்கள் சைக்கிளில் போகிறார்கள், எல்லாம் ஒரே உயரம். குள்ளமான பெண் எட்டி எட்டி மிதித்துக்கொண்டு போவாள். வருஷத் திதி முடிந்து, நானும் அக்காவும் அங்கேதான் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். அப்படி ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போனாள். அவள் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, நாற்பது வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பேச்சை எடுத்தாள்.

"நான்தான் புத்தி கெட்டு, சொல்லாதன்னு சொன்னேன். நீயாச்சும் நைனாகிட்ட சொல்லிட்டிருக்கலாமேடி."

அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. பஸ் வந்துவிட்டது. அவளை முதலில் ஏற்றிவிட்டு, நானும் ஏறினேன்.