என் வாயில் கத்தி வைக்காத பல் டாக்டர்

இதை எழுத எனக்குப் பல வருஷத் தயக்கம். 1970-களில் எனக்கு முன்பல் விழுந்து, திருச்செந்தூர் முருகன் முன்னால் பாடினால் சொல்லெல்லாம் காற்றாகப் போயிற்று. கழற்ற வேண்டாத பல் கேட்டுத் தூத்துக்குடியில் ஒரு டாக்டரிடம் போனேன். ஒல்லியான மனிதர். எதையும் மெழுகில் செய்து காட்டித்தான் பேசுவார்.

"ஒரு வழியில ஈறை ரெண்டு தடவ அறுத்து, எலும்பு மேல பல்லத் தாங்குற உலோகச் சட்டத்த உக்கார வைக்கணும் அண்ணாச்சி. இன்னொண்ணு ஒரே அறுப்பு. ஆனா எலும்பையே குடைஞ்சு தகட்ட இறக்கணும்."

"நல்லதச் செய்யுங்க. முருகன் பாத்துக்கிடுவான்."

"முருகனா வந்து ஈறு தைப்பாரு? ரெண்டையும் நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன். உங்க வாயில வச்சுப் படிக்க மாட்டேன்."

கழற்றி மாட்டும் பல்செட்டே செய்து கொடுத்தார். கோபத்தில், அவருக்குத் தொழில் தெரியாது என்று கடைத்தெருவெல்லாம் சொன்னேன். அவரிடம் ஆள் வருவது குறைந்தது. அந்தப் பல்லோடுதான் சந்நிதியில் பாடினேன். அவர் முகத்தில் மட்டும் விழிக்கவில்லை.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். நான் சொன்ன பொய்யையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.