பொன்விழாவுக்குப் போகாத றுகையா

சாய்ந்தமருதுக் கடற்கரையில் சூடை, நெத்தலி மீன்களைக் காயவைத்துக் கருவாடு விற்கிறவர் றுகையா. கணவர் முத்தலிப் ஆழ்கடல் போட்டில் வேலைக்குப் போகிறவர். போட் வேறொருவருடையது. இருவருடைய உழைப்பும் கடலோடுதான். ஆனால் ஊர் மீனவர் சங்கத்தில் இருவருக்கும் இடமில்லை. போட் வைத்திருப்பவர்கள் மட்டுமே அங்கத்தவர்கள் என்பது அந்தச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இருந்துவந்த வழக்கம்.

அந்த வழக்கத்தின் கொடுமை றுகையாவுக்கு ஒரு வைகாசி மாதத்தில் தெரியவந்தது. முத்தலிப் போன போட் இயந்திரம் பழுதாகி நடுக்கடலில் காணாமல் போயிருந்தது. சங்கத்தில் அவசரக் கூட்டம் என்று கேள்விப்பட்டு, தேடுவதற்கு எந்தப் போட் போகிறது என்று கேட்க றுகையா ஓடினார். அங்கத்தவர் அல்லாதவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று வாசலில் தடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டார். உள்ளே போட்டைப் பற்றிப் பேசினார்கள், காப்புறுதியைப் பற்றிப் பேசினார்கள். போட்டில் இருந்த மனிதர்களின் பெயரை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது அந்த வழியால் போன வெளிநாட்டுச் சரக்குக் கப்பல். முத்தலிப் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற அந்தப் பகல் மட்டும் றுகையாவின் மனதைவிட்டுப் போகவில்லை.

பிறகு அவர் பெண்கள் அமைப்பொன்றில் சேர்ந்து கருவாடு போடும் பெண்களை ஒன்றுசேர்த்தார். அந்த அமைப்பு கொரோனாவுக்கு முந்திய வருடம் அவரைக் கனடாவுக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா என்ற மாகாணம். குளிரில் நடுங்கிக்கொண்டே பாடம் கேட்டாராம். ஒருநாள் கான்சோ என்ற மீன்பிடி ஊருக்கு எல்லோரையும் பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். அங்கே, தகப்பனும் பாட்டனும் கடலுக்குப் போன ஒரு முதிய பெண் அந்த ஊரின் கதையைச் சொன்னார்.

முதலாம் உலகப் போர் முடிந்த பின் அந்தக் கரையில் மீன் விலை விழுந்துவிட்டது. கம்பனிகளின் நீராவி இழுவைக் கப்பல்கள் கடலை அரித்தெடுத்தன. இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார்கள். அந்த நிலையில்தான் 1927 ஜூலை முதலாம் திகதி, கனடா ஒரு நாடாகச் சேர்ந்து அறுபது வருடம் நிறைந்த விழா வந்தது. நாடெங்கும் கொடியும் பாட்டும். கான்சோ மீனவர்களோ கூடிநின்று, கொண்டாட எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஊர்ப் பாதிரிமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். பத்திரிகைகள் எழுதின. அந்த வருடமே அரசாங்கம் ஒரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தது. மீனவர்கள் சமையலறைகளில் கூடிப் படித்தார்கள், கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கினார்கள். 1930இல் அந்தக் கரையோர மாகாணங்களின் மீனவர்களுக்கென்று ஒரு பெரிய அமைப்பே உருவானது.

கதை முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மிக்மாக் பழங்குடிப் பெண் மட்டும் தட்டவில்லை. அதே 1930இல், அதே மாகாணத்தில், தங்கள் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து அடைப்பதற்கு ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் திறந்தார்கள் என்று அவர் சொன்னார். தாய்மொழியில் பேசியதற்காகத் தன் பெரியம்மா அங்கே அடி வாங்கியதையும் சொன்னார். மீனவர்கள் நீதி கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் எங்களுக்காக யார் கேட்டார்கள் என்றார். றுகையா அன்று பஸ்ஸில் அந்தப் பெண்ணின் பக்கத்தில்தான் இருந்து வந்தார். இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொன்னார்.

ஊர் திரும்பியவர் தன் சமையலறையில் கூட்டம் தொடங்கினார். முதலில் கருவாட்டுப் பெண்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஸம்றா, சங்கத்தின் விதிகள் எழுதிய யாப்பை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து எல்லோருக்கும் வாசித்தாள். “கடற்றொழிலில் ஈடுபடும் எவரும்” சேரலாம் என்றுதான் அதில் எழுதியிருந்தது. பிறகு போட்டில் வேலை செய்யும் ஆண்களும் வரத் தொடங்கினார்கள். கொரோனாவும் பொருளாதார நெருக்கடியின் எரிபொருள் வரிசையும் இடையில் வந்து குழப்பின. ஆனாலும் கூட்டம் நிற்கவில்லை.

அதன்பிறகுதான் சங்கம் தன் பொன்விழாவை அறிவித்தது. பெண்கள் கருவாடு காயவைக்கும் கடற்கரை நிலத்தில் விழா மேடை வரும் என்றும், அது சங்கத்தை ஆரம்பித்தவர்களின் நினைவாக நிரந்தரக் கொங்கிரீட் மேடையாக இருக்கும் என்றும் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் காயவைத்த பெண்களில் ஒருவரிடமாவது கேட்டார்களா? இல்லை. றுகையா நேரே தலைவர் நிப்றாஸ் ஹாஜியாரின் வீட்டுக்குப் போனார். ஹாஜியாருக்கு மூன்று போட்டுகள்.

“இது கடலுக்குப் போறாக்கள்ர சங்கம் தங்கச்சி. பொம்புளயள் இதுக்குள்ள என்னத்துக்கு?” என்றார் அவர்.

“நீங்க கடலுக்குப் போயி எத்தின வருசம் ஹாஜியார்?”

ஹாஜியார் எழுந்தார். உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை சமையலறையில் நெருக்கமான கூட்டம். விழாவின் பெரிய காட்சியே அலங்கரித்த போட்டுகள் கடலில் வரிசையாகப் போவதுதான். போட்டை ஓட்டுகிறவர்கள் முதலாளிமார் அல்ல. ஆகவே யாரும் அன்று போட்டில் ஏறுவதில்லை என்று முடிவானது. நிலம் பெண்களுக்கு, அங்கத்துவம் எல்லோருக்கும், இரண்டும் கிடைத்தால்தான் ஏறுவோம் என்றார்கள். முத்தலிப்தான் முதலில் கைதூக்கினார்.

செய்தி ஹாஜியாருக்கு எட்டியது. பெரிய ஆட்கள் வருவதாக இருந்த விழா அது. அவர் ஆண்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். சாப்பாடு கொடுத்தார். போட்டில் வேலை செய்கிறவர்களுக்கு உடனே அங்கத்துவம் தருவதாகவும், இனிப் போட் காணாமல் போனால் தேடுவது சங்கத்தின் பொறுப்பு என்றும் சொன்னார். பெண்களின் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. எடுக்க அங்கே பெண்களும் இல்லை. ஆண்கள் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முத்தலிப் சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்தார். றுகையா அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

“அப்ப எங்கட நெலம்?”

“முதல்ல நாங்க உள்ளுக்குப் போறம் கா. பொறகு உங்களயும் எடுப்பம்.”

“உங்களுக்கு அந்தக் கதவத் தொறந்தது யாரு?”

முத்தலிப் தலைகுனிந்தார். “கடல்ல கெடந்து செத்துப் போகப் பாத்தவன் நான். தேட ஆள் வரும் எண்டா வேணாம் எண்டு சொல்லுவனா?” என்றார் மெதுவாக.

அதிலும் நியாயம் இருக்கிறது. றுகையாவும் அதை மறுக்கவில்லை. அவரைக் கொதிக்கவைத்தது வேறு. அந்த மனிதனைத் தேடச் சொல்லி ஜன்னலுக்கு வெளியே நின்றவளை, அந்த மனிதனையே கொண்டு வெளியே தள்ளியிருந்தார்கள். பல நாட்கள் அவர் கணவரோடு கதைக்கவில்லை. சோறு வைத்தார், உடுப்புத் துவைத்தார், ஒரு சொல் பேசவில்லை.

பொன்விழா நடந்தது. போட்டுகள் வரிசையாகப் போயின. கருவாடு காய்ந்த நிலத்தில் கொங்கிரீட் மேடை பளபளத்தது. ஸ்தாபகர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் பொறித்திருந்தார்கள். அவ்வளவும் போட் முதலாளிமாரின் பெயர்கள். ஐம்பது வருடத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களில் ஒருவரின் பெயர்கூட இல்லை. மேடையில் ஒருவர் கடற்றொழிலாளரின் தியாகத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். நானும் கூட்டத்தில் இருந்தேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. றுகையாவும் ஸம்றாவும் மற்றப் பெண்களும் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டுக் கூரைகளில் நெத்தலியை விரித்துவிட்டுக் காகம் விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூரையில் எவ்வளவு மீன் காயும்? மழை வந்தால் அள்ளுவதற்குள் பாதி நாசம். ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு ஒரு காலையில் றுகையா வலைத்துண்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், அந்தக் கொங்கிரீட் மேடையில் விரித்து மீனைக் கொட்டினார். மற்றவர்களும் வந்தார்கள். வெயிலுக்குச் சூடேறிய கொங்கிரீட்டில் கருவாடு மணலைவிடக் கெதியாகக் காய்ந்தது.

ஹாஜியார் ஆத்திரத்தோடு வந்தார். அள்ளிக் கொண்டு போகச் சொன்னார். பெண்கள் அசையவில்லை. அவர் புதிய அங்கத்தவர்களைக் கூப்பிட்டு மேடையைச் சுத்தம் பண்ணச் சொன்னார். கூட்டத்தில் முத்தலிப்பும் நின்றார். அவர் மேடைக்கு ஏறியபோது றுகையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்தலிப் குனிந்து, காற்றில் புரண்டிருந்த ஒரு வலைத்துண்டை நேராக்கி, அதன் நுனியில் ஒரு கல்லை வைத்தார்.

“இது எண்ட பொண்டாட்டிர மீன், ஹாஜியார். நான் அள்ள மாட்டன்,” என்றார்.

மற்ற ஆண்களும் நகரவில்லை. ஹாஜியார் பொலிசுக்குப் போனார். விசாரித்துப் பார்த்த பொலிசார், இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பெண்களுக்கு இன்னும் அங்கத்துவம் கிடைக்கவில்லை. யாப்பில் உள்ளதைக் காட்டி அவர்கள் கடற்றொழில் அலுவலகத்தில் கொடுத்த முறைப்பாட்டுக்கு, பரிசீலனையில் இருக்கிறது என்ற பதில்தான் வந்துகொண்டிருக்கிறது. சங்கத்தின் கடந்த பொதுக்கூட்டத்தில் முத்தலிப் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். தோற்றது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, அடுத்த கூட்டம் எப்போது என்று மட்டும் றுகையா கேட்டாராம். அந்தக் கூட்டத்தில் அவரும் ஸம்றாவும் மற்றப் பெண்களும் உள்ளேயே போய் இருக்கப் போகிறார்கள். வெளியே போகச் சொன்னால் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.