மாலதியின் செடிகளும் மூலைக்கடை எடைக்கல்லும்

போன சனிக்கிழமை என் மனைவி மாலதி இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை. இருபத்தைந்து வருடத்தில் இது ரெக்கார்டு!

தப்பு என்னுடையதுதான்.

மகன் வேலைக்குப் போனதும், நாற்பத்தாறு வயதில் செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்தவள் மாலதி. கடற்கரை மணலில் வளரும் செடிகள்தான் புராஜெக்ட். மூன்று மாதமாக ஞாயிறு என்றால் கடப்பாக்கம் கடற்கரை. கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளை அக்கா என்றார்கள். குடை பிடித்த என்னை அங்கிள் என்றார்கள். இது என்ன நியாயம்?

கொண்டுவந்த செடிகளைப் பழைய பேப்பர்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைப்பாள். மொத்தம் நாற்பது. திங்களன்று எக்ஸாமினர் வருகிறார்.

சனிக்கிழமை காலை அவள் லைப்ரரிக்குப் போன நேரத்தில் எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. வீட்டைச் சுத்தம் செய்தேன். பால்கனியில் இருந்த பேப்பர் கட்டுகளை மூலைக்கடையில் எடைக்குப் போட்டேன். எல்லாக் கட்டுகளையும்...

மதியம் வந்தவள் பால்கனியைப் பார்த்தாள். கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்பப் பறிக்கலாம்னா, பாதிச் செடி இப்போ பூக்காதுங்க."

அவ்வளவுதான். கடைக்கு ஓடினோம். ஷட்டர் மூடியிருந்தது. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான்கு மணிக்குத்தான் வருவாராம். வாசலிலேயே நின்றோம். அந்த இரண்டு மணி நேரம்தான் நான் சொன்னது.

வந்தவர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"இன்னா சார் இப்டி பண்ட்ட? உள்ள வேரோட செடி கீது, புரியாத பேரு வேற எழுதிக்கீது! எவனோ சூனியம் வெச்சிட்டான்னு பேஜாரா பூட்ச்சி. தொடவே இல்ல. மூலைல போட்டு, எந்திரிச்சி வந்துடப் போவுதுன்னு மேல எடக்கல்லத் தூக்கி வெச்சிக்கீறேன்!"

மாலதி கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்பதும் இருந்தன. அடம்புக் கொடியின் ஊதாப் பூகூடக் கசங்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"யக்கா, இன்னாத்துக்கு அழுவுற?" கடைக்காரர் பதறினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு காட்டினாள். "இது அடம்புங்க. மணல் காத்துல பறக்காம பிடிச்சு வைக்கும்."

"அட, இது எம் மாமியா வூட்டாண்ட கடக்கரைல மண்டிக் கெடக்குதே! இதுக்கா இம்மாம் பயந்தேன்?"

பிறகு அவர் கேட்கக் கேட்க, அவள் நாற்பதையும் காட்டினாள். நான் குடை இல்லாமல் நின்றேன்.

திங்களன்று எக்ஸாமினர், செடிகள் நன்றாக அழுந்தித் தட்டையாகப் படிந்திருந்த அழகைத் தனியாகப் பாராட்டினாராம். புராஜெக்ட் இப்போது பைண்டிங்குக்குப் போகிறது. நன்றிப் பக்கத்தில் கடைக்காரர் பெயரையும் சேர்த்திருக்கிறாள்.

என் பெயருக்கு மேலே!